ஸ்காபரோவில் முதல் குளிர்காலம்: 400 டாலருக்குள் வீட்டைத் தயார் செய்ய முடியுமா?

காவிரிக்கரை | செப்டம்பர் 27, இரவு 9:40

திருச்சியில் இருந்து ஏப்ரல் கடைசியில் இங்கே, கனடாவில் டொராண்டோ நகரின் ஸ்காபரோ பகுதியில், குடியேறினோம். நான், மனைவி, ஐந்து வயது மகள், என் அம்மா. பழைய தனி வீடு ஒன்றின் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்குக் கீழே, நிலத்துக்கடியில் உள்ள பேஸ்மென்டில் வேறொரு குடும்பம் இருக்கிறது. வீட்டுக்காரர் வேறு ஊரில் இருக்கிறார். எரிவாயு பில்லிலும் ஹைட்ரோ (மின்சார) பில்லிலும் 60 சதவீதம் எங்களுடையது.

ஜன்னல்கள் மரச்சட்டம், வெளிப்பக்கம் அலுமினியச் சட்டத்தில் இன்னொரு கண்ணாடி. காற்றடிக்கும் நாளில் ஜன்னலை மூடியிருந்தாலும் திரைச்சீலை அசைகிறது. இப்போதே அம்மா சால்வையைக் கழற்றுவதில்லை. அலுவலகத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள்: அறைக்கு ஒரு ஹீட்டர், மின்சாரக் கம்பளி, தடித்த திரைச்சீலை. உடைகளுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிவிட்டேன். வீட்டுக்கு என்று 400 டாலர்தான் இருக்கிறது. எதில் தொடங்குவது? எதை வாங்கவே வேண்டாம்?

பனங்காடு | செப்டம்பர் 27, இரவு 10:25

ஹீட்டரைக் கடைசிக்கு வையுங்கள் தம்பி. முதலில் காற்றை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

குளிர் வீட்டுக்குள் வருவதற்கு வெளியே அடிக்கும் காற்று மட்டும் காரணம் அல்ல. சூடான காற்று மேலே எழுந்து, கூரைக்குக் கீழுள்ள பரணின் மூடி வழியாகவும் விளக்குத் துளைகள் வழியாகவும் வெளியேறிக்கொண்டே இருக்கும். அது போன இடத்தை நிரப்ப, கீழே உள்ள ஒவ்வொரு பிளவும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவுக்கு இந்த இழுவையும் கூடும். அதனால்தான் பழைய வீடுகளில் எவ்வளவு சூடேற்றினாலும் கால் மட்டும் குளிர்ந்தபடியே இருக்கிறது.

பிளவுகளைக் கண்டுபிடிக்க உங்கள் சாமிப்படத்தருகே இருக்கும் ஊதுபத்தி போதும். காற்றடிக்கும் ஒரு நாளில் கதவு, யன்னல் எல்லாவற்றையும் மூடி, வெப்பத்தை நிறுத்தி, சமையலறை விசிறியையும் குளியலறை விசிறியையும் ஓடவிடுங்கள். பிறகு ஊதுபத்தியை யன்னல் விளிம்பு, கதவின் அடிப்பகுதி, வெளிச்சுவரில் உள்ள மின்செருகிகள், தொட்டிக்குக் கீழே குழாய் நுழையும் இடம், கடிதம் போடும் துளை, பரண் மூடி என்று மெல்ல நகர்த்துங்கள். புகை சாயும் இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். திரைச்சீலையை முதலில் ஒதுக்கிக் கட்டிவிடுங்கள், தீ கவனம்.

குறியிட்ட இடங்களுக்குச் செய்ய வேண்டியது பெரும்பாலும் சில டாலர் வேலைதான். அசையாத பிளவுக்கு ரோப் காக் என்று கேட்டு வாங்குங்கள். சுருளாகக் கிடைக்கும், விரலால் அழுத்தி அடைக்கலாம், ஏப்ரலில் உரித்தெடுத்தாலும் வர்ணம் கெடாது, எனவே வாடகை வீட்டுக்குப் பொருத்தம். திறந்து மூடும் இடங்களுக்கு ஒட்டும் நுரைப்பட்டி. வாசற்கதவின் அடியில் பொருத்துவதற்கு ரப்பர் பட்டி. மின்செருகிகளின் மூடியைக் கழற்றி உள்ளே வைக்க மெல்லிய நுரை அட்டை கிடைக்கும். பிரேக்கரை நிறுத்திய பிறகு மட்டும் மூடியைத் தொடுங்கள். உள்கதவுகளுக்கு எதுவும் வாங்க வேண்டாம். பழைய சாரத்தை (லுங்கியை) குழாய்போல் தைத்து, கிழிந்த துணிகளைத் திணித்துக் கதவடியில் போட்டால் போதும்.

யன்னலுக்குச் சுருங்கும் பிளாஸ்டிக் படலம் போடுங்கள். சட்டத்தைச் சுற்றி இருபக்க நாடாவை ஒட்டி, அதில் படலத்தைப் பொருத்தி, முடி உலர்த்தியால் சூடு காட்டினால் சுருக்கம் நீங்கிக் கண்ணாடியாகிவிடும். படலத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே நிற்கும் அசையாத காற்றுதான் உங்கள் போர்வை. இதை ஒக்டோபரிலேயே செய்யுங்கள். சட்டம் குளிர்ந்து ஈரமாகிவிட்டால் நாடா பிடிக்காது.

கோவை_டெக்னீஷியன் | செப்டம்பர் 28, காலை 6:50

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். வெளிப்பக்க அலுமினிய ஜன்னலின் அடிச்சட்டத்தில் சிறு துளைகள் இருக்கும். அவை நீர் வடிவதற்கானவை. பிளவு என்று நினைத்து அவற்றை அடைத்துவிட்டால் மரச்சட்டம் அழுகும். அடைப்பு வேலை முழுவதையும் உள்பக்கத்தில் மட்டும் செய்யுங்கள்.

வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபர்னஸைப் பழுதுபார்ப்பது என் தொழில். குளிர்காலத்தில் வரும் அவசர அழைப்புகளில் பலவற்றுக்குக் காரணம் தூசி அடைந்த ஃபில்டர்தான். ஒரு அங்குலத் தடிமன் உள்ள ஃபில்டரை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மாற்ற வேண்டும். மெர்வ் (வடிகட்டும் திறனைக் காட்டும் எண்) 8 போதும். அதிக எண் உள்ளது நல்லது என்று 13 வாங்கிப் பழைய ஃபர்னஸில் போட்டால் அது மூச்சுத் திணறும்.

இரண்டாவது, பயன்படுத்தாத அறைகளின் காற்றுத்துளைகளை மூடினால் பணம் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே விசிறி, ஒரே குழாய் அமைப்பு. துளைகளை மூட மூட உள்ளே அழுத்தம் ஏறும், ஃபர்னஸ் அளவுமீறிச் சூடாகித் தானே அணையும். எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். சோபாவோ கட்டிலோ துளையை மறைக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பார்வைக்குச் செலவே இல்லை.

மூன்றாவது, ஹீட்டர் கணக்கு. சாதாரண ஹீட்டர் 1500 வாட். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 12 யூனிட், மாதத்துக்கு 360 யூனிட். இங்கே எரிசக்தி வாரியம் ஒரு வழக்கமான குடும்பத்துக்கு மாதம் 700 யூனிட் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அதாவது ஒரே ஒரு ஹீட்டர் அதில் பாதியை விழுங்கும். அதே வெப்பத்தை எரிவாயுவில் பெறுவது இந்த மாகாணத்தில் மிகவும் மலிவு.

வெண்பனி_மார்க்கம் | செப்டம்பர் 28, காலை 8:15

எல்லாருக்கும் இது பொருந்தாது என்பது என் கருத்து. பகலில் மற்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால் வீட்டில் இருப்பது அம்மா மட்டும். ஒருவருக்காக முழு வீட்டையும் 21 டிகிரியில் வைப்பது வீண். வீட்டை 18க்கு இறக்கிவிட்டு அம்மா அறையில் எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் ஒன்றை வைத்தால் செலவு குறையும். எங்கள் மாமியாருக்கு அப்படித்தான் செய்கிறோம்.

கோவை_டெக்னீஷியன் | செப்டம்பர் 28, மதியம் 12:20

உங்கள் வீட்டில் உங்கள் குடும்பம் மட்டும் இருந்தால் அது சரியான ஏற்பாடுதான். ஹீட்டரைச் சுவர் செருகியில் நேரடியாகச் சொருக வேண்டும், நீட்டிப்பு வயரில் கூடாது. சுற்றிலும் ஒரு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். ஆனால் காவிரிக்கரையின் வீட்டில் தெர்மோஸ்டாட் (வெப்ப அளவை வைக்கும் கருவி) எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அது அவருடைய தரைத்தள நடைவழியில் இருந்து, பக்கத்து அறையில் ஹீட்டர் ஓடினால், வீடு முழுதும் சூடாகிவிட்டது என்று நம்பி அது ஃபர்னஸை எழுப்பாது. பேஸ்மென்ட் உறைந்து கிடக்கும்.

கீழ்வீடு | செப்டம்பர் 28, மாலை 5:05

இதைச் சொல்ல யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்தேன். நானும் வேறொரு வீட்டின் பேஸ்மென்டில் வசிப்பவள். போன குளிர்காலம் மேலே இருந்தவர்கள் மிச்சம் பிடிப்பதற்காகத் தெர்மோஸ்டாட்டை இறக்கிவைத்தார்கள். கீழே தரையில் கால் வைக்க முடியவில்லை, என் குழந்தைக்கு இருமல் நிற்கவே இல்லை. கட்டணத்தில் 40 சதவீதம் நாங்களும் கொடுக்கிறோம், ஆனால் பொத்தான் எங்கள் கையில் இல்லை. சகோதரா, நீங்கள் எதை வாங்குவதற்கு முன்னும் கீழே போய்க் கதவைத் தட்டி, அவர்கள் வீட்டில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று கேளுங்கள்.

வெப்பம் கொடுக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையதாக இருந்தால், ரொறன்ரோவில் ஒக்டோபர் 1 முதல் மே 15 வரை வாடகை வீட்டில் குறைந்தது 21 பாகை (டிகிரி) இருக்க வேண்டும் என்பது மாநகர விதி. இருக்காவிட்டால் மாநகரின் 311 எண்ணுக்கு அழைத்து முறையிடலாம். இது தெரியாமல் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கோட்டுடன் தூங்குகின்றன.

காவிரிக்கரை | செப்டம்பர் 29, இரவு 8:30

நன்றி அக்கா. இன்று கீழே போய்ப் பேசினேன். தெர்மோஸ்டாட் எங்கள் நடைவழியில்தான் இருக்கிறது. எந்த நேரத்தில் எத்தனை டிகிரி என்று இரண்டு வீடும் சேர்ந்து முடிவு செய்வதாகப் பேசிக்கொண்டோம்.

ஊதுபத்தியும் ஏற்றிப் பார்த்தோம். ஜன்னல்தான் முதல் எதிரி என்று நினைத்திருந்தேன். பரண் மூடியிலும் பின்கதவின் அடியிலும்தான் புகை தறிகெட்டு ஓடுகிறது. மகளின் அறை மின்செருகியிலும் காற்று வருகிறது.

இன்னும் இரண்டு கேள்விகள். இப்போதே காலையில் சமையலறை ஜன்னலில் நீர் வழிகிறது. எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் ஈரம் கூடிவிடாதா? டிசம்பர் கடைசியில் மூன்று வாரம் திருச்சிக்குப் போகிறோம்; அப்போது வெப்பத்தை முழுவதும் நிறுத்திவிடலாமா?

மீனாட்சி_பிராம்டன் | செப்டம்பர் 29, இரவு 9:55

கூடும். நல்ல கேள்வி. நம் சமையல் ஆவிச் சமையல். இட்லி, புட்டு, சோறு, ரசம் எல்லாம் நீராவியை வீட்டுக்குள் விடும். அது குளிர்ந்த கண்ணாடியில் தண்ணீராக இறங்கும், ஜன்னல் அடிச்சட்டத்தில் கருப்புப் பூஞ்சை பிடிக்கும். அடுப்பு பற்றவைக்கும்போதே அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போடுங்கள், சமையல் முடிந்து 20 நிமிடம் ஓடட்டும். விசிறியின் காற்று வெளியே போகிறதா அல்லது வடிகட்டி வழியாகத் திரும்ப வீட்டுக்குள்ளேயே வருகிறதா என்றும் பாருங்கள். பல வாடகை வீடுகளில் இரண்டாவதுதான். அப்படியானால் சமைக்கும்போது அந்த ஒரு ஜன்னலைச் சிறிது திறந்து வையுங்கள், அதற்கு மட்டும் படலம் போடாதீர்கள்.

துவைத்த துணியை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயவைப்பதைக் கடுங்குளிர் மாதங்களில் விட்டுவிடுங்கள். பத்து, பதினைந்து டாலருக்கு ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் கிடைக்கும். வழக்கமான நாட்களில் 30 முதல் 50 சதவீதம் சரி. வெளியே மைனஸ் 20 என்றால் 30க்கு அருகில் இருப்பது நல்லது. இதற்கு மாறாக வீடு மிகவும் உலர்ந்து குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வந்தால் ஈரம் கூட்ட வேண்டும். எனவே மீட்டரைப் பார்க்காமல் ஈரமூட்டும் கருவி எதையும் வாங்காதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கறிவேப்பிலைச் செடி வெளியே இருந்தால் உடனே உள்ளே எடுங்கள். இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கிவிட்டது. இலையின் அடிப்பக்கம் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, கழுவி, தெற்கு ஜன்னலில் வையுங்கள். இலை உதிர்ந்தால் பதறித் தண்ணீர் ஊற்ற வேண்டாம். குளிர்காலத்தில் அது உறங்கும், மண் காய்ந்த பிறகு கொஞ்சம் ஊற்றினால் போதும்.

பனங்காடு | செப்டம்பர் 29, இரவு 11:10

பயணத்துக்கு நான் பதில் சொல்கிறேன். வெப்பத்தை ஒருபோதும் முழுவதும் நிறுத்தாதீர்கள். கீழே குடும்பம் இருப்பதால் உங்களால் முடியவும் முடியாது, ஆனால் தனி வீட்டில் இருப்பவர்களுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன். வெளிச்சுவரில் ஓடும் நீர்க்குழாய் உறைந்தால் பனிக்கட்டி விரிந்து குழாய் பிளக்கும். உருகும்போதுதான் வெள்ளம் தெரியவரும். நம்மில் பலர் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறோம், அதுதான் இங்கே உச்சக் குளிர். பிரதான நீர்வால்வை மூடி, குழாய்களைத் திறந்து மிச்ச நீரை வடியவிட்டு, 15 பாகைக்குக் குறையாமல் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒருவரிடம் சாவி கொடுங்கள். பல வீட்டுக் காப்புறுதிகளில், குளிர்காலத்தில் நான்கு நாட்களுக்கு மேல் வீடு ஆளில்லாமல் இருந்து, நீரையும் மூடாமல், யாரும் வந்து பார்க்கவும் இல்லையென்றால், குழாய் வெடிப்புக்கு இழப்பீடு கிடையாது. உங்கள் பத்திரத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

இன்று செய்ய வேண்டியது: தோட்டக்குழாயின் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே அதற்கான வால்வை மூடிவிட்டு வெளிக்குழாயைத் திறந்துவைத்து நீரை வடியவிடுங்கள். காசு எதுவும் செலவாகாது.

இன்னொன்று, இதில் மட்டும் யாரும் காசு பார்க்கக் கூடாது. 2013 டிசம்பரில் பனிப்புயல் வந்து இந்த நகரில் லட்சக்கணக்கான வீடுகள் மின்சாரம் இல்லாமல் இருண்டன. நத்தாருக்கும் (கிறிஸ்துமஸ்) பல வீடுகளுக்கு வெளிச்சம் வரவில்லை. குளிர் தாங்காமல் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டியவர்களும் உண்டு. அப்படி மூட்டும்போது வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, தூக்கம் போன்றவைதான் அறிகுறி, அந்தத் தூக்கத்தில் உயிர் போய்விடும். பார்பிக்யூ, ஜெனரேற்றர், முகாம் அடுப்பு எதையும் உள்ளே கொண்டுவராதீர்கள். எரிவாயு ஓவனைத் திறந்துவைத்துக் குளிர்காயாதீர்கள். எரிவாயு ஃபர்னஸ் உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்கு அருகே காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்று 2014இல் இருந்து ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டம் இருக்கிறது. வாடகை வீட்டில் அதைப் பொருத்துவது வீட்டுக்காரர் கடமை. கருவியின் பின்பக்கம் காலாவதி ஆண்டு இருக்கும், பாருங்கள்.

கோவை_டெக்னீஷியன் | செப்டம்பர் 30, காலை 6:40

அதோடு, புதிய வகை ஃபர்னஸ் என்றால் வீட்டின் பக்கச்சுவரில் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை உள்ளே இழுக்கும், மற்றது புகையை வெளியே விடும். பெரும்பனி பெய்த காலையில் வாசலைத் துடைப்பதற்கு முன் அந்தக் குழாய் வாய்களில் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஃபர்னஸ் சோதனைக்கு வீட்டுக்காரரை இப்போதே கேளுங்கள். முதல் கடுங்குளிர் வந்த பிறகு எங்களை அழைத்தால் காத்திருக்க நேரிடும்.

தாதி_அஜாக்ஸ் | செப்டம்பர் 30, பிற்பகல் 3:30

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வீட்டுக்குள் 18 பாகை பாதுகாப்பான குறைந்த அளவு என்று சொல்கிறது. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதற்கு மேல் தேவைப்படலாம் என்றும் சொல்கிறது. வயதானவர்களுக்குக் குளிர் உடலில் இறங்குவது உடனே தெரியாது. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அம்மா சொல்வதை நம்ப வேண்டாம். கையையும் காலையும் தொட்டுப் பாருங்கள். அவரிடம் ஒரு சுடுநீர்ப்பை கொடுங்கள், கம்பளிச் சாக்ஸ் கொடுங்கள், வழுக்காத அடியுள்ள செருப்பு கொடுங்கள். இரவில் மற்றவர்களுக்கு 18 போதும் என்றாலும் அம்மாவின் அறைக்கதவடி அடைபட்டிருக்கட்டும், கட்டில் வெளிச்சுவரை ஒட்டி இருக்க வேண்டாம்.

உடை பற்றி அதிகம் சொல்லவில்லை. குழந்தையின் பனியாடையும் பூட்சும் பழைய பொருட்கள் கடையில் வாங்குங்கள், அடுத்த ஆண்டு அளவு மாறிவிடும். உடலை ஒட்டிப் போடும் முதல் அடுக்குப் பருத்தியாக இருக்கக் கூடாது; வியர்வையை வைத்துக்கொண்டு குளிர வைக்கும். விரல்கள் பிரிந்த கையுறையைவிட ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கையுறை சூடு.

பனி அள்ளும் வேலையை நாற்பது, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் காலை எழுந்தவுடன் வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் செய்கிறார்கள். இதயத்துக்கு அது கடும் சுமை. தூக்காமல் தள்ளுங்கள், நின்று நின்று செய்யுங்கள், நெஞ்சு அழுத்தினால் உடனே 911 அவசர எண்ணை அழையுங்கள்.

கணக்கன் | செப்டம்பர் 30, இரவு 7:45

கட்டணப் பக்கம் நான். ஹைட்ரோ பில் நேர அடிப்படையில் இருந்தால், நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை வார நாட்களில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும்தான் உச்ச விலை. இரவு 7 முதல் காலை 7 வரையும், சனி ஞாயிறு முழுவதும் விலை குறைவு, ஏறத்தாழ பாதி. துணி துவைப்பது, உலர்த்துவது எல்லாவற்றையும் அந்த நேரங்களுக்கு மாற்றுங்கள்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஒன்ராறியோ மின்கட்டண உதவித் திட்டம் மாதந்தோறும் பில்லில் ஒரு தொகையைக் கழிக்கிறது. விண்ணப்பிப்பவர் பெயரில் ஹைட்ரோ கணக்கு இருக்க வேண்டும். கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் கிடைக்காது. வாடகை பேசும்போதே இதைப் பார்க்க வேண்டும். பில் நிலுவையாகிவிட்டால் லீப் என்ற அவசர உதவி தனியாக இருக்கிறது. நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை பணம் கட்டவில்லை என்பதற்காக வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்க முடியாது. நிலுவை மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும், அதனால் முன்கூட்டியே பேசுங்கள்.

எரிவாயு வழங்கும் என்பிரிட்ஜ் நிறுவனம் வருமானம் குறைந்தவர்களின் வீட்டுக்கு இலவசமாகவே பரணில் வெப்பக்காப்பும் பிளவடைப்பும் செய்யும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. வாடகைக்கு இருப்பவர்களும் வீட்டுக்காரரின் சம்மதத்துடன் சேரலாம். எது யாருக்குப் பொருந்தும் என்று தெரியாவிட்டால் சமூக உதவிகள் பற்றிச் சொல்லும் 211 எண்ணுக்கு அழையுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். உதவி கேட்க வெட்கப்பட்டு நம்மவர்கள் கடனட்டையில் வாழ்வதைப் பார்த்து வருந்துகிறேன். இது உங்களுக்காக ஒதுக்கப்பட்ட பணம்.

காவிரிக்கரை | அக்டோபர் 2, இரவு 10:15

வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் எழுதினேன்: ஃபர்னஸ் சோதனை, எச்சரிக்கைக் கருவி, பின்கதவு, பரண் காப்புக்குச் சம்மதம். முதல் இரண்டுக்கும் உடனே ஒப்புக்கொண்டார். பின்கதவின் ரப்பர் பட்டியை நான் பொருத்தினால் பணத்தை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் பதில் வந்திருக்கிறது. பரண் பற்றி யோசிப்பதாகச் சொன்னார்.

எங்கள் முடிவு இது. ஏழு ஜன்னல்களுக்குப் படலம், ரோப் காக், நுரைப்பட்டி, செருகி நுரை, பரண் மூடிக்கு ஒட்டுப்பட்டியும் மேலே கனமான நுரைப்பலகையும், ஃபில்டர், ஈரப்பத மீட்டர், பனி அள்ளும் மண்வெட்டி, உப்பு. எல்லாம் சேர்த்து 250 டாலருக்குள் வருகிறது. ஹீட்டர் வாங்கவில்லை. மிச்சத்தில் கீழ்வீட்டு ஜன்னல்களுக்கும் சேர்த்துப் படலம் வாங்கலாம் என்று மனைவி சொல்கிறாள், எனக்கும் அது சரியாகப் படுகிறது. ஒரே ஃபர்னஸ்தானே. கீழே படுக்கையறை ஜன்னல் ஒன்றுதான் இருக்கிறது, அதற்கும் போடலாமா?

கோவை_டெக்னீஷியன் | அக்டோபர் 3, காலை 6:30

படுக்கையறையில் தீயின்போது வெளியேற அந்த ஜன்னல் ஒன்றுதான் வழி என்றால் அதை மூடாதீர்கள். ஜன்னலைத் திறந்து மூட முடியும்படி விளிம்புகளில் நுரைப்பட்டி மட்டும் ஒட்டுங்கள், இரவில் தடித்த திரை போடுங்கள். கீழே அதைவிட அதிகப் பயன் தருவது வேறு: வெளிச்சுவரும் உத்தரமும் சேரும் இடத்தில், கூரைப்பலகை திறந்திருக்கும் பகுதியில் ஊதுபத்தியைக் காட்டிப் பாருங்கள். ஃபர்னஸ் அறையில் அந்த இடம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். அங்கே பிளவு தெரிந்தால் வீட்டுக்காரரிடம் படம் எடுத்து அனுப்புங்கள்.

உப்பு பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணப் பாறை உப்பு மைனஸ் 10க்குக் கீழே ஏறக்குறைய வேலை செய்யாது. ஒரு சிறிய பை கால்சியம் குளோரைடும் கொஞ்சம் மணலும் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா நடக்கும் படிக்கட்டுக்கு மணல்தான் பிடிப்பு.

கீழ்வீடு | அக்டோபர் 3, காலை 9:20

படுக்கையறை ஜன்னலைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. நான் போன வருடம் அதற்குத்தான் படலம் போட்டிருந்தேன், இந்த முறை நுரைப்பட்டி ஒட்டிவிடுகிறேன். ஃபர்னஸ் அறையில் உத்தரத்தடி திறந்துதான் கிடக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் கை வைத்தாலே காற்று தெரிகிறது. இன்று படம் எடுத்து அனுப்புகிறேன்.